இடப்பக்க வேலி எங்களுடையது

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அம்மா, பின் வளவுக்காரர் வேலி அடைக்கிற விசயமா வந்து கதைச்சவர். அவருக்கு என்ன மறுமொழி சொல்லுறது?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பாராமலே, "உன்ர மாமியாரைக் கேள். அவதானே இப்ப எல்லாம்" என்று சொன்னேன். கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கழுவினதுதான் எனக்குச் சுட்டது. இந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க நீ ஒரு கோப்பையும் கழுவியதில்லை. விருந்தாளி மாதிரிக் கழுவி வைத்தாயா, இல்லை அங்கே உன்னை அப்படிப் பழக்கியிருக்கிறார்களா என்று யோசித்து யோசித்து அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான் நிற்கிறது. இதற்குப் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பாய். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் என் குரல் ஏறிவிடும், ஏறினால் அந்தப் பக்கம் கேட்கும். கேட்டால் உன் மாமியார் சரோ ஒன்றும் தெரியாதவள் போலத் தண்ணீர் வார்க்கிற சத்தத்தைக் கூட்டுவாள். அதை என்னால் தாங்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா படுத்திருக்கிறார். எழும்பினதும் அவரிடம் கொடுத்து விடுவேன். அவர் வாசிக்கமாட்டார். வாசித்தாலும், வாசித்தேன் என்று காட்டமாட்டார்.

முதலில் நீ கேட்டதற்கு மறுமொழி. நம்முடைய ஒழுங்கையில் காணிகளைப் பிரித்து விற்ற காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. உன் வாசற் படலையில் தெருவைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கத்து வேலி உன்னுடையது. அடைக்க வேண்டியதும் நீதான், அது விழுந்தால் வெட்கப்பட வேண்டியதும் நீதான். வலப்பக்கம் அடுத்த வீட்டுக்காரருடையது. பின்வேலி இரண்டு பேருக்கும் பொது. ஆகவே பின் வளவுக்காரர் வந்து கேட்டது நியாயம். அவர் கிண்ணியாவிலிருந்து வந்து புதிதாகக் குடியேறிய மனிதர், நம் ஒழுங்கையின் வழக்கம் தெரியாமலே முறையாகக் கேட்டிருக்கிறார். நீ வேலிக்கு மேலால் தலையை நீட்டி மறுமொழி சொல்லாதே. சுற்றிப்போய் அவருடைய படலையில் நின்று கூப்பிட்டு, உள்ளே போய் இருந்து கதை. தருவதைக் குடி. செலவில் பாதி என்று கதையைத் தொடங்காதே, வேலையில் பாதி என்று தொடங்கு. ஒரே கயிற்றின் இரண்டு நுனியை இரண்டு பேர் இழுத்துக் கட்டின வேலியில் பிறகு சண்டை குறைவு. பின்னின ஓலைக் கிடுகின் நல்ல முகம் அவருடைய பக்கம் பார்க்கட்டும், முடிச்சும் பிசிறும் உன் பக்கம் இருக்கட்டும். அவருடைய மரம் உன் பக்கம் சாய்ந்தால் கேட்காமல் கொப்பு வெட்டாதே. உன் பக்கம் விழுந்த காய் உன்னுடையது, தொங்குகிற காய் அவருடையது. வேலியில் உடுப்புக் காயப் போட வேண்டாம் என்று உன் மனிசி தர்ஷியிடம் சொல்லு. அவளுக்கு அது தெரியும். நான்தான் பழக்கினேன்.

இவ்வளவையும் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் மிச்சக் கடிதம்.

இந்த லிங்கநகர் வளவுக்கு நானும் அப்பாவும் வந்தபோது இடப்பக்கத்தில் வெறும் முட்கம்பி மட்டும் இருந்தது. தோப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறையக் கிளுவைக் கதியாலும் கிடுகும் இறக்கினோம். அப்பா குழி தோண்ட, நான் கதியால் ஊன்றினேன். மழைக்கு எல்லாம் துளிர்த்தன. ஊன்றின தடி துளிர்க்கிறதைப் பார்க்கும்போது வருகிற பெருமையை நீ இன்னும் அறியவில்லை. வேலி பச்சையாக நின்ற அடுத்த வருடம், அந்தப் பக்க வளவுக்கு சரோ வந்தாள். இடுப்பில் தர்ஷி. நீ அப்போது என் காலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாய். முதல் நாளே சரோ வேலியருகில் வந்து, "அக்கா, பொடியனோ? என்ர பொம்பிளைப் பிள்ளை. எனக்கென்ன, இவள் எப்பவும் என்னோடதான்" என்று சொன்னாள். சும்மாதான் சொன்னாள். ஆனால் அது என்னில் தைத்துவிட்டது.

ஏன் என்று உனக்குத் தெரியும். நம்முடைய பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மகள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், மகன்தான் இன்னொரு வீட்டுக்குப் போவான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் சினேகிதி ஒருத்தி, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு அழுகிற தாய்மாரைப் பற்றிச் சொல்லும்போது நான் மனதுக்குள் சிரிப்பேன். இங்கே அழுகிறவள் ஆண்பிள்ளை பெற்றவள். அதுவும் ஒற்றைப் பிள்ளையாகப் பெற்றவள். நீ பால் குடிக்கிற காலத்திலேயே எந்த வீட்டுக்காரி உன்னைக் கொண்டுபோகப் போகிறாளோ என்று நினைத்து, முகம் தெரியாத ஒருத்தியில் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கத்திலேயே வந்து குடியிருக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு வேலியில் விழுந்த ஓட்டை, அந்தப் பொட்டு. கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டு கதியாலுக்கு நடுவில் கிடுகு விலகி ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி விழுந்தது. அதால் நீ அங்கே போவாய். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "சரோ மாமி வைச்ச சூடைமீன் சொதி நல்லா இருந்தது" என்பாய். நான் அடுத்த நாளே சூடை வாங்கிச் சொதி வைப்பேன். நீ சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாய். அப்பாவிடம் கேட்டால், "ரெண்டும் மீன்தானே" என்பார். நான் புதுக் கிடுகு வைத்துப் பொட்டை அடைப்பேன், அது திரும்பவும் திறந்திருக்கும். சரோ திறக்கிறாள் என்று நினைத்தேன். வேலி எங்களுடையது, அதில் கை வைக்க அவளுக்கு என்ன உரிமை என்று மனதுக்குள் பொருமினேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால், "பிள்ளை வந்தால் வரட்டுமே அக்கா" என்று சொல்லிவிடுவாள். அவள் எப்போதும் என்னைவிட ஒரு சொல் நல்லவளாக நின்றுவிடுவாள்.

அவளில் எனக்கு எல்லாவற்றிலும் பொறாமை. ஒளிக்க என்ன இருக்கிறது? கடற்காற்றின் உப்புக்கு என் ரோசாக்கள் கருகும், அவளுடையவை பூக்கும். ஊருக்குள் திரிகிற மான் என் வளவுக்குள் வந்தால் கீரை முழுவதையும் தின்றுவிட்டுப் போகும், அவளுடைய வளவில் நின்று படம் எடுக்க விடும். நான் தர்ஷியில் பொறாமைப்பட்டதில்லை, அதை நீ நம்ப வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வந்து விருப்பத்தைச் சொன்னபோது எனக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய தாய்க்கு ஏன் இவ்வளவு அதிர்ஷ்டம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மகளும் வீட்டில், மருமகனும் வீட்டில், மருமகனைப் பெற்றவள் வேலிக்கு இந்தப் பக்கம்.

கலியாணத்துக்குப் பிறகு நீ உன் சாமான்களைப் பொட்டால் கொண்டுபோனாய். புத்தகப் பெட்டி போனது, தலையணை போனது, காற்றாடி போனது. அலுமாரி மட்டும் பொட்டுக்குள் போகவில்லை. அதற்கு ஒரு சின்ன லொறி பிடித்து, எங்கள் படலையால் வெளியே எடுத்து, ஒழுங்கையில் திருப்பி, அடுத்த படலையால் உள்ளே கொண்டுபோனீர்கள். ஒழுங்கையே வெளியில் வந்து நின்று பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். லொறி திரும்பி அவர்களின் படலைக்குள் நுழைந்தபோது நான் வீட்டுக்குள் போய்விட்டேன். உன் அறையில் அலுமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று அந்த அறைக் கதவைச் சாத்தினேன்.

சரோவின் வளவில் உங்களுக்குக் கட்டின புது வீட்டின் யன்னலை எங்கள் வேலியைப் பார்த்துத்தான் வைத்தார்கள். கிணற்றடியில் நின்றால் நீ இருமுவது கேட்கும். நீ சேட் பொத்தானைத் தேடிக் கத்துவது கேட்கும். முன்பெல்லாம் அந்தக் கத்தலுக்கு நான் ஓடுவேன். அப்படி ஒரு நாள் ஈரக்கையோடு இரண்டடி நடந்துவிட்டேன், அந்தப் பக்கத்தில் சரோவின் குரல், "இஞ்ச இருக்கு மகன்" என்றது. மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நீ, மாசிப் பனி இறங்கின ஒரு காலையில், "அம்மா, தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டாய். நான் கிணற்றடியிலிருந்து, "இருக்கு மகன், வா" என்று சொன்னேன். அந்தப் பக்கமும், "இருக்கு மகன்" என்று குரல் வந்தது. நீ அவளைத்தான் கேட்டாய். என் குரல் உனக்குக் கேட்டதோ இல்லையோ, நான் அறியேன். அவளுக்குக் கேட்டது.

அந்த வாரத்திலேயே செல்வண்ணை வந்தார். உன் மாமனாரை எனக்கு ஒருபோதும் பிடிக்காமல் போனதில்லை, பாவம். படலையில் நின்று கூப்பிட்டு, செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்து இருந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. பிள்ளையளின்ர யன்னலுக்கும் உங்கட கிணத்தடிக்கும் நடுவில வெறும் கிடுகுதான் நிக்குது. மானும் பூந்து வந்து எல்லாத்தையும் திண்டிட்டுப் போகுது. வேலியை எடுத்துப்போட்டு ஒரு மதில் வைப்பமெண்டு யோசிக்கிறம். வேலை எல்லாம் எங்கட பொறுப்பு."

"இடப்பக்க வேலி எங்கட," என்றேன். "எங்களைக் கேக்காம அதில ஒரு கதியாலிலயும் கை வைக்க ஏலாது."

"அதுதானே தங்கச்சி, கேக்க வந்தனான்."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். எனக்கு இன்னும் கோபம் ஏறியது. நான் ஊன்றி, நான் கட்டி, வருடா வருடம் என் கை கிழிந்த வேலி. மகனைக் கொண்டுபோன கையோடு அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் அவனுடைய இருமலைக்கூடக் கேட்காதபடி சுவர் வைக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. "மதில் வைக்கிறதெண்டால் அளந்து வைப்பம். ஆரின்ர நிலம் எவடம் மட்டும் எண்டு முதல் தெரியட்டும்" என்றேன். புது வீடு வேலிக்கு மிகக் கிட்ட நின்றதால், அவர்கள் எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். அளந்தால் தெரிந்துவிடும், அவளுடைய நல்ல பெயருக்கு ஒரு கீறல் விழும் என்று ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. ஆசைப்பட்டேன்தான்.

நில அளவையாளர் வந்த காலையில் இரண்டு வீட்டாரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்றோம். அவர் நாடாவை விரித்து, "அந்தப் பக்கம் ஆராவது பிடியுங்கோ" என்றார். நீ எங்கள் முற்றத்தில்தான் நின்றாய், என் பக்கத்தில். ஒரு யோசனையும் இல்லாமல் பொட்டுக்குள் குனிந்து அந்தப் பக்கம் போய் நாடாவின் நுனியைப் பிடித்தாய். ஆள் தேவைப்பட்டது, போனாய், உனக்கு அவ்வளவுதான். இந்தப் பக்கத்து நுனியை அப்பா பிடித்தார். நான் நடுவில் நின்று, இறுகின நாடாவையும் அதன் அந்த நுனியில் நின்ற உன்னையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சரோவும் தர்ஷியும் உனக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு குடும்பம் நிழற்படத்துக்கு நிற்பது போல இருந்தது.

அளவையாளர் ஒரு இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி வந்தார். வேலியில் நிற்கவில்லை. எங்கள் பக்கமாக வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் வைத்த எலுமிச்சை, அந்தத் தேசிமரத்தையும் தாண்டி வந்து குத்தினபோது 'டங்' என்று கேட்டது. தோண்டினால் பழைய எல்லைக்கல். அவர்கள் எங்கள் நிலத்துக்குள் வரவில்லை. நாங்கள்தான் அவர்களுடைய நிலத்துக்குள் போயிருந்தோம். பட்டுப்போன கதியாலைப் பிடுங்குகிற ஒவ்வொரு முறையும், பழைய வேர் இடம் விடாததால், புதியதை ஒரு சாண் வெளியே தள்ளி ஊன்றியிருக்கிறேன். வேலிக்குக் கால் முளைத்து நடந்திருக்கிறது, நடத்தினவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் வைத்து வளர்த்து, ஒழுங்கை முழுவதற்கும் ஊறுகாய்க்குக் காய் கொடுத்த என் தேசிமரம் அவளுடைய நிலத்தில் நின்றது.

பிறகு செல்வண்ணை, "கல்லு கிடக்கட்டும் தங்கச்சி. மரம் உங்கட. இப்ப வேலி நிக்கிற இடத்திலயே மதிலை வைப்பம்" என்றார். சரோவும், "ஓம் அக்கா, அதுதான் சரி" என்றாள். நீ என்னைப் பார்த்துத் தலையசைத்தாய், பார்த்தீர்களா எவ்வளவு நல்லவர்கள் என்பது போல. அவர்களைக் கள்ளராக்கப் பார்த்தவள் கள்ளியாக நிற்கிறேன், அதற்கும் மன்னிப்புத் தருகிறார்கள். மகன், நீ ஒருவரில் பொறாமைப்பட நேர்ந்தால் அந்த ஆள் கெட்டவராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள். நல்லவரில் பொறாமைப்படுவது போல ஒரு வருத்தம் இல்லை. ஏசவும் ஏலாது, விடவும் ஏலாது.

அடுத்த நாள் நீ கச்சேரிக்கு அரசாங்க வேலைக்குப் போனபிறகு நான் கத்தியை எடுத்துக்கொண்டு தேசிமரத்துக்குப் போனேன். நீ மாலையில் வந்து, "மரத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டபோது அப்பா, "கவ்வாத்துப் பண்ணினது" என்று சொன்னார். அது கவ்வாத்து இல்லை. அடியோடு வெட்டத்தான் போனேன். அடிமரம் என் கைக்கு அடங்கவில்லை, அதனால் கொப்புகளை வெட்டினேன். முள் கீறிக் கை இரண்டும் இரத்தம். சத்தம் கேட்டு சரோ பொட்டால் குனிந்து வந்தாள்.

"என்னக்கா செய்யிறீங்க? காய்க்கிற மரமல்லோ!"

"உங்கட நிலத்தில என்ர மரம் நிக்க வேண்டாம். ஒருத்தரின்ர இரக்கத்தில நான் தேசிக்காய் பிடுங்கமாட்டன்."

"கத்திய விடுங்க அக்கா." என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மகனையும் எடுத்திட்டாய். இந்தா, மரத்தையும் எடு."

அவள் கையை விட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக, அவள் ஒருமுறையாவது என் முன்னால் அழவேண்டும் என்று விரும்பினேன். அவள் உடுப்புத் தோய்க்கிற கல்லில் போய் இருந்தாள். அவளுடைய முகம் நான் காணாத ஒரு முகமாக இருந்தது.

"நான் எடுத்தனானோ? அக்கா, நான் விடிய எழும்பி நிண்டு சமைக்கிறன். உங்கட மகன் ஒரு பிடி வாயில வைச்சிட்டு, 'அம்மா எண்டால் இதுக்குப் புளி கொஞ்சம் கூட விடுவா' எண்டுறான். எந்த நாளும். என்னை ஒரு நாள் அம்மா எண்டு கூப்பிட்டான், அதுவும் பழக்கத்தில நாக்குத் தவறி வந்தது. அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டனான் தெரியுமோ? அதுக்குள்ள நீங்க இஞ்ச இருந்து 'வா' எண்டு மறுமொழி சொல்லிப்போட்டீங்க."

அவள் நிறுத்தவில்லை.

"என்ர மகளைப் பற்றி நீங்க ஒரு நாளாவது நினைச்சீங்களா? தலையிடிச்சா உங்களிட்டத்தான் ஓடுவாள். சோதினை முடிவு வந்தா முதல் உங்களிட்டத்தான். அவள் பெரியபிள்ளை ஆனதை எனக்கு ஆர் சொன்னது? நீங்க. அவள் உங்கட வீட்ட வந்து உங்களிட்டச் சொல்லி, நீங்க அவளுக்குத் துணி குடுத்து இருத்திப்போட்டு, சிரிச்சுக்கொண்டு வந்து எனக்குச் சொன்னீங்க, நல்ல செய்தி எண்டு. பெத்த தாய் நான், பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கேட்டனான். அதை நான் இண்டைக்கும் மறக்கேல்ல."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. வேறு விதமாக ஞாபகம் இருந்தது. பொட்டால் ஓடிவந்த பிள்ளை, பயந்து என் சேலையைப் பிடித்த கை, நான் தலையைத் தடவினது. நல்ல அயலவளாக நடந்துகொண்ட நாள் என்று நான் மனதில் வைத்திருந்த ஒன்று. அதற்காக அவள் எனக்கு நன்றியாக இருக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"இந்தப் பொட்டை எத்தினை தரம் அடைச்சிருப்பன்," என்றாள் சரோ. "நீங்கதான் திறக்கிறீங்க எண்டு நினைச்சன். வேலி உங்கட, கேக்க ஏலாது எண்டு பேசாம இருந்தனான்."

"நீ அடைச்சனியோ?" என்றேன். "நானெல்லோ அடைச்சனான்."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீயும் தர்ஷியும்தான் திறந்து திறந்து வந்திருக்கிறீர்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இவ்வளவு காலம் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த எரிச்சலாவது என்னுடைய சொந்தச் சொத்தாக இருந்தது. அதிலும் அவள் எனக்கு முந்திவிட்டாள். அவள் எழும்பி வந்து தன் சேலைத் தலைப்பால் என் கையைத் துடைத்தாள். நான் கையை இழுக்கவில்லை. "உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறன்" என்று மட்டும் சொன்னேன். அவள் குடித்தாள். சீனி கூடிப்போச்சு என்றாள்.

மதில் எல்லைக்கல்லில்தான் வரவேண்டும் என்று நானே செல்வண்ணையிடம் சொன்னேன். மரம் அந்தப் பக்கம் போகட்டும் என்றேன். அவர் எவ்வளவு சொல்லியும் நான் கேட்கவில்லை. சொந்தமில்லாத நிலத்தில் நிற்கிறவளுக்கு அயலவளோடு சண்டை பிடிக்கக்கூட நிமிர்ந்து நிற்க ஏலாது. கிளுவைக் கதியால்களை அப்பாவும் நீயும் பிடுங்கினீர்கள். நான் குசினிக்குள் இருந்தேன். மேசன் அவர்களின் பக்கத்தை முதலில் பூசத் தொடங்க, செல்வண்ணை நிறுத்தி, எங்கள் பக்கத்தைப் பூசின பிறகுதான் தன் பக்கத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அயலவர் பார்க்கிற முகத்தை முதலில் பூசுகிறவன்தான் மதில் கட்டத் தெரிந்தவன். உன் பின்வேலி நாளைக்கு மதிலானால் அதை நினைவில் வைத்துக்கொள். பூச்சுக்கு முன்னம், கல் அடுக்கிக்கொண்டு பொட்டு இருந்த இடத்துக்கு நேரே மேசன் வந்தபோது, "இதில ஒரு சின்னக் கதவு விடுவமா? வரப் போக லேசா இருக்கும்" என்று செல்வண்ணை கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் சரோ நின்றாள், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "வேண்டாம்" என்றோம்.

நீ அப்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்தாய். மதில் முடிந்த சந்தோசத்துக்கு அங்கே பால் காய்ச்சினபோது நான் வராததற்கும் அதே காரணத்தைத்தான் நினைத்திருப்பாய். கோபம் இல்லை, மகன். அந்தத் தேசிமரத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. நான் வெட்டி மொட்டைக் கூட்டுமாறாக்கின மரம் அவளுடைய கை பட்டு, மதிலுக்கு மேலால் தெரியுமளவுக்குத் துளிர்த்து நிற்கிறது. என்னிடம் நின்றபோது அப்படித் துளிர்த்ததேயில்லை.

கதவு வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. பொட்டு இருந்த காலத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாயா, இல்லை எங்கள் வளவால் நடந்து போனாயா என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் பம்புக்கு வருவாய், கத்தரிக்கோலுக்கு வருவாய், வந்த கையோடு போய்விடுவாய். இப்போது அங்கே சேட் மாற்றி, செருப்பைப் போட்டு, ஒழுங்கையால் நடந்து, எங்கள் படலையைத் திறந்து வருகிறாய். எதிர் வீட்டுக்காரி, "மகன் வாறார்" என்று எனக்குக் குரல் கொடுக்கிறாள். அப்படி வருகிறவன் கத்தரிக்கோலுக்கு வருவதில்லை. சரோவும் அதையேதான் கணக்குப் பார்த்திருப்பாள். தர்ஷியும் இப்போது முன் படலையால்தான் வருகிறாள், தாயிடம் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதையும் இந்தக் கடிதத்தை எழுத எழுதத்தான் சரியாக யோசித்தேன். மாமனார் இருக்கிறார், மாமியார் இருக்கிறாள், இரண்டு பேருக்கும் வேலியைப் பற்றித் தெரியும். நீ என்னைக் கேட்க வந்தாய். அதை விளங்காமல் உன்னை அவளிடம் அனுப்பினேன். நீ அவளைக் கேட்கவில்லை என்று நேற்று தர்ஷி சொன்னாள். "அம்மா சொல்லட்டும்" என்று காத்திருக்கிறாயாம். அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். சரோவுக்குத்தான் சொல்லவேண்டும் போல இருக்கிறது.

என் பொறாமை போய்விட்டது என்று எழுதி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. தர்ஷிக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்தால் முதலில் யாருடைய கையில் கொடுப்பார்கள் என்று இப்போதே எனக்கு யோசனை. பெண்பிள்ளை பிறந்தால் அந்த வீடு அதற்கு, ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு நாள் தர்ஷியும் என்னைப் போலப் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் இருக்கவேண்டும், அவளுடைய தாய்க்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. பார், இதிலும் அவளை விடமாட்டேன் என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ வந்து விறாந்தையில் இருந்தாய். துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதினது கேட்டது. அப்பாவோடு கிரிக்கெட் கதைத்தாய். என்னோடு ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை, காலை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தாய். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சரோ, "மகன், சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டாள். "வாறன்" என்று சத்தம் போட்டுச் சொன்னாய். ஆனால் எழும்பவில்லை. திரும்பவும் அப்பாவோடு கதைக்கத் தொடங்கினாய். அந்தப் பக்கம் சட்டி மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அங்கே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும், நின்றவளுக்குத்தான் நிற்பது தெரியும். பாவமாக இருந்தது. நீ எழும்பவில்லை. நானும் எழும்பச் சொல்லவில்லை.

உன்னைப் பெற்ற
அம்மா